அளக்க வந்த நாளில் அக்கா பிரித்த குடிசை

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா தரையைக் கூட்டி முடித்திருந்தாள்.

ஆவாரங்கிளைகளை ஒடித்துக் கட்டிய துடைப்பம் கையில் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நெற்றியில் வேர்வை, முகத்தில் ஒரு திருப்தி. கல்யாண வீட்டில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்களே, அப்படி நின்றாள்.

என் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு பாரஸ்டர் சார் வந்தார். சின்ன வயசு, வேறு மாவட்டத்துக்காரர். அவருக்குப் பின்னால் குடையோடு வி.ஏ.ஓ. மேடம். கடைசியாக எங்கள் ஊர் வன உரிமைக் குழுத் தலைவர் அண்ணாமலை அண்ணன். கீழே டீக்கடை வைத்திருப்பவர். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் பின்னால் பார்த்தேன்.

அங்கே அவளுடைய குடிசை இருக்க வேண்டும். பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருக்க வேண்டும். புகை படிந்த மூன்று கல் அடுப்பு, அதன் மேல் கவிழ்த்த சட்டி, சுற்றிலும் கோழிகள், எல்லாம் இருக்க வேண்டும். போன மாசம் நான் வந்து கேழ்வரகுக் களி தின்றுவிட்டுப் போன இடம்.

ஒன்றும் இல்லை. தரைதான் இருந்தது. அதன் மேல் காய்ந்த இலைகளைக்கூட அழகாகத் தூவி வைத்திருந்தாள்.

"இங்கதானா?" என்றார் பாரஸ்டர்.



மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தேன்

போன வாரம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் கிடைத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். கொஞ்சம் தாவி வந்துவிட்டேன். படிப்பை எட்டாவது பாதியில் விட்டவள் எழுதுகிறேன், நேர்கோடாக வரவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் பயம் தெரியும். பஸ் வராவிட்டால் பயம். வந்துவிட்டால் பிரேக் பிடிக்குமா என்று பயம். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் ஷாஹிதா. அவளுக்கு என் பயம்தான் பொழுதுபோக்கு.

"ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

"நாளான்னிக்கு மலையில எங்க அக்கா நிலத்தைப் பார்க்க ஆபீசருங்க வர்றாங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். அதான் பயமா இருக்கு."

"உனக்கு பேஜாராவறதுக்கு ஏதாவது ஒண்ணு வேணும். மாப்ள நல்லவன்னு சொன்னாகூட, ஏன் நல்லவனா இருக்கான்னு உக்காந்து அழுவே."

அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தத் தடவை பயத்துக்குக் காரணம் இருந்தது.

அமிர்தி பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து காட்டோரமாக ஏறிப் போனால் எங்கள் ஊர். ஊருக்கும் மேலே, சரிவில், ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு துண்டு. எங்க தாத்தா காலத்திலிருந்து சாமையும் கொள்ளும் மொச்சையும் நாங்கள் போட்டுவந்த நிலம். ஆனால் எங்கள் பேரில் இல்லை. ரிசர்வ் காடு என்று எழுதியிருக்கிறது. நான் கல்யாணமாகி ஆம்பூருக்கு இறங்கிவிட்டேன். அப்பா அம்மா போனபிறகு அக்கா குப்பம்மாதான் அங்கே தனியாக இருக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆடு, கோழி, சாமை, வாய். இவ்வளவுதான் அவள் சொத்து.

காட்டில் காலங்காலமாக இருப்பவர்களுக்கு அந்த இடத்தை உரிமையாக எழுதித் தரச் சட்டம் வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. எங்கள் மலைக்கு அது ஏறி வரத் தாமதமானது. கிராம சபையில் குழு போட்டார்கள். மனு வாங்கினார்கள். அக்கா கையெழுத்துப் போட்டாள், தன் பேரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டவள். இனி அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, இவள் இங்கே இருக்கிறாள், பயிர் செய்கிறாள் என்று எழுத வேண்டும்.

எழுதாவிட்டால்? பக்கத்துச் சரிவு வரைக்கும் காட்டிலாகா ஆட்கள் மரக்கன்று நடக் குழி வெட்டிவிட்டிருந்தார்கள். அடுத்த மழைக்கு இந்தச் சரிவு. அப்புறம் அக்கா என்னோடு ஆம்பூரில்தான் இருக்க வேண்டும். ஒரு ரூம், ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் கால்வாய். ஒருமுறை வந்து தங்கினாள். "இங்க வானத்தை எங்கடி வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். வந்த வேகத்தில் பஸ் ஏறிவிட்டாள்.

அதனால்தான் பயந்தேன். மழை வருமோ என்று பயந்தேன். வி.ஏ.ஓ. மேடம் லீவு போடுவாரோ என்று பயந்தேன். அக்கா யாரையாவது திட்டிவிடுவாளோ என்று ரொம்பவே பயந்தேன். போதாததற்கு, கிளம்பும் அன்றைக்குக் காலையில் ஷாஹிதா ஒரு பெரிய டப்பாவில் பிரியாணி கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். தனியாகக் கத்திரிக்காய்.

"பெரியவங்க மலை ஏறி வர்றாங்க. வெறுங்கையோட நிப்பியா?"

"லஞ்சம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"பிரியாணிய லஞ்சம்னு சொல்றவன் ஆம்பூர் பக்கமே வரமாட்டான், போ."

வேலூர் பஸ்ஸில் மடியில் டப்பா. அமிர்தி பஸ்ஸிலும் மடியில் டப்பா. மூடியைத் தாண்டி வாசனை வருகிறது. பாரஸ்டர் மோப்பம் பிடித்து, இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

குடிசை இருக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

மலையிலிருந்து தோலுக்கு

ஆம்பூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள், மலைக்கும் உனக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று. சம்பந்தம் எனக்கு முந்தியே இருந்தது.

இப்போது தோல் பதனிட என்னென்னவோ மருந்து வருகிறது. முன்னாலெல்லாம் மரத்துப் பட்டையும் காயும்தான். ஆவாரம்பட்டை, கடுக்காய். இரண்டும் எங்கள் மலையிலிருந்து போனது. எங்க அப்பா கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக் கீழே மண்டிக்கு இறங்குவார். மண்டி பாய் ஒரு காயை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்துப் பார்ப்பார்.

"மலைக்காரரே, இந்த வாட்டி ஈரம் ஜாஸ்தி."

"வெயில் கம்மி பாய். நான் இன்னா பண்ணட்டும்?"

"வெயிலுக்கும் சேர்த்து நீதான் ஜவாப்."

இப்படிப் பேசிவிட்டு இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்தக் கடுக்காயில் ஊறிய தோல் எந்த ஊர் ஆள் காலுக்குப் போனதோ. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் செருப்புப் போட்ட பழக்கம் கிடையாது.

கடுக்காய் பொறுக்கலாம், ஆனால் அதற்குக் குத்தகை எடுத்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். காட்டில் நடக்கலாம், ஆனால் உட்காரக் கூடாது. நிலத்தில் விதைக்கலாம், யாரும் பார்க்காத வரைக்கும். இதெல்லாம் எப்போது வந்தது என்றால், வெள்ளைக்காரன் எல்லைக் கல் நட்டபோது என்பார் அப்பா. சுண்ணாம்பு அடித்த கல் வரிசை. அதற்கு முன்னால் யாரோ ஜாகீர்தாருக்குச் சாமையில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். அவர் ஆள் வருவார், மூட்டையை வாங்குவார், போய்விடுவார். நீ யார் என்று கேட்கமாட்டாராம். கல் வந்தபிறகுதான் நீ யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கல் எங்கள் நிலத்துக்குக் கீழ்ப்பக்கம் விழுந்தது. மேல்பக்கம் விழுந்திருந்தால் பட்டா. கல்லைத் தூக்கி வந்தவனுக்கு அன்றைக்கு மேலே ஏறக் கால் வலித்திருக்கும் போல. அண்ணாமலை அண்ணன் சொல்லுவார், "அந்த ஆளுக்கு யாராவது மோர் குடுத்து நிழல்ல உக்கார வெச்சிருந்தா நமக்கு இந்த மனுவே தேவையில்ல."

ஜீப் சத்தம்

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. நடக்கக் கற்றுக்கொள்வது போல அதையும் கற்றுக்கொண்டோம்.

கீழே வளைவில் காட்டிலாகா ஜீப் சத்தம் கேட்கும். மேலே ஏறி வர நேரம் பிடிக்கும். அதற்குள் குடிசை இருக்கக் கூடாது.

அப்பா கம்புகளைப் பிடுங்குவார். அம்மா கூரைப் புல்லைக் கட்டுக் கட்டாகச் சுருட்டுவாள். மேட்டில் ஒரு பாறை இடுக்கு, முன்னால் உண்ணிச்செடிப் புதர். எல்லாம் அதற்குள் போய்விடும். அடுப்புக் கல்லும் சட்டியும் அக்கா பொறுப்பு. கல் சுடும். துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுவாள். சாம்பலை வாரிச் செடிக்குள் வீசுவாள்.

எனக்குக் கோழி. பிடித்துக் கூடைக்கு அடியில் போட்டு, மேலே சாக்கு மூட வேண்டும். இருட்டாகிவிட்டது என்று நினைத்து அவை அடங்கிவிடும். நான் அடங்கமாட்டேன். புதருக்குள் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோழி இப்போது கத்தும் என்று காத்திருப்பேன்.

அவர்கள் வருவார்கள். வெறும் சரிவைப் பார்ப்பார்கள். சில சமயம் வாட்ச்சர் அப்பாவைப் பார்த்து, "இன்னா, இங்க சுத்தறே?" என்பார். அப்பா, "ஆடு தேடறேன் சாமி" என்பார். போய்விடுவார்கள். தாமதமாகிக் குடிசையோடு மாட்டிக்கொண்டால் சட்டி உடையும், கேஸ் வரும், அப்பா வேலூருக்கு நடையாக நடப்பார்.

அதனால் அப்பா அந்த நிலத்தில் நிற்கிற மாதிரி எதையும் வைக்கமாட்டார். ஒரு முருங்கைக் குச்சி நடமாட்டார். மரம் வளர்ந்தால் யார் வைத்தது என்று கேட்பார்கள். சாமை அப்படியில்லை. வரும், அறுப்போம், போய்விடும். எங்கள் குடும்பத்தின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இதுதான்: அங்கே இல்லாத மாதிரி இருப்பது.

இதைச் சோகமாகச் சொல்லவில்லை. திரும்பக் குடிசை கட்டும்போது எங்களுக்குள் ஒரே சிரிப்பாக இருக்கும். அம்மா வாட்ச்சர் மாதிரி மீசையை முறுக்கிக் காட்டுவாள். அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

"நாங்க இங்க வர்றதே இல்லீங்க"

இப்போது அந்தச் சுத்தமான தரைக்கு வருகிறேன்.

வி.ஏ.ஓ. மேடம் குடையை மடக்கிவிட்டு அக்காவைக் கேட்டார். "குப்பம்மா நீங்கதானே? இங்கதான் குடியிருக்கீங்களா?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "இல்லீங்கம்மா."

"பின்ன?"

"நாங்க இங்க வர்றதே இல்லீங்க. கீழ ஊர்லதான் இருக்கறது."

அண்ணாமலை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணாமலை அண்ணனைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து ஆடுகள் இறங்கி வந்தன. அக்கா விடியற்காலையிலேயே அவற்றை மேலே துரத்தி விட்டிருக்கிறாள். கழுத்து மணியைக்கூட அவிழ்த்துவிட்டாள். ஆனால் மத்தியான வேளைக்குப் பாறைக் குழியில் கழுநீர் ஊற்றுவாள் என்பது ஆட்டுக்குத் தெரியும். முன்னால் கறுப்பி வந்தது. குழியில் மூஞ்சியை விட்டது. காய்ந்து கிடந்தது. நேராக அக்காவிடம் வந்து இடுப்பில் ஒரு முட்டு முட்டியது.

"யார் ஆடும்மா இது?" என்றார் பாரஸ்டர்.

"தெரியலீங்களே சார். கீழருந்து ஏறி வந்திருக்கும்."

கறுப்பி அவள் முந்தானையைச் சப்ப ஆரம்பித்தது.

"உங்களைத் தெரியும் போல இருக்கே."

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் சார் போவும். மானங்கெட்ட ஆடு."

வி.ஏ.ஓ. மேடம் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் பேனாவைத் திறந்தார். "சார், குடியிருப்புன்னு கேட்ட இடத்துல இன்னா எழுதறது?"

"இல்லாததை இருக்குன்னு எழுத முடியாது மேடம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சுற்றிப் பார்த்தார், சாமை அறுத்த வெறும் சரிவையும் காட்டையும் தவிர எதுவும் தெரியவில்லை, சொன்னார்.

அண்ணாமலை அண்ணன் என் காதருகே வந்தார். "பூங்கா, உங்க அக்கா வாயாலேயே நிலம் போவுது. இன்னான்னு கேளு."

அக்காவைப் புதர் ஓரமாக இழுத்துப்போனேன்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கே?"

"இன்னா பண்ணேன்? ஆபீசருங்க வர்றாங்கன்னு அண்ணாமலை சொன்னான். இடத்தைச் சுத்தமா வெச்சிருக்கேன்."

"குடிசையைப் பார்க்கத்தான் வந்திருக்காங்க."

"மெதுவாப் பேசுடி. எப்பவும் அதைப் பார்க்கத்தானே வருவாங்க."

"அது வேற, இது வேறக்கா. மனு குடுத்திருக்கோம் இல்ல?"

"அதான் நானும் சொல்றேன். நிலம் குடுங்கன்னு மரியாதையா மனு குடுத்திருக்கோம். அவங்க குடுக்கறதுக்கு முன்னாடியே நடுவுல குந்திக்கினு சோறு ஆக்கினா அது இன்னா மரியாதை? ஒழுங்கானவங்கன்னு தெரிஞ்சாத்தானே குடுப்பாங்க?"

 "ஏற்கெனவே குந்தியிருக்கறவங்களுக்குத்தான்க்கா குடுப்பாங்க."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "போடி. எந்த கவர்மெண்டுடி அப்படிக் குடுக்கும்? கம்பெனி வேலைக்குப் போய் மண்டை கொழம்பிட்டுது உனக்கு."

அவள் அறிவில் அது சரிதான். ஆயுசு முழுக்க எதை மறைத்தால் நிலம் தங்கியதோ, அதைக் காட்டினால் நிலம் தங்கும் என்று ஒரு மத்தியான வேளையில் எப்படி நம்புவாள்?

ஊசி போட்ட ஓட்டை

எங்கள் கம்பெனியில் ஒரு விஷயம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். துணி மாதிரி இல்லை தோல். துணியில் தையல் கோணிப்போனால் நூலைப் பிரித்து மறுபடி தைக்கலாம், தெரியாது. தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். நூலைப் பிரிக்கலாம். ஓட்டை மூடாது. சூப்பர்வைசர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வரிசையாகத் தெரியும். நான் புதுசில் எத்தனை துண்டுகளை அப்படிக் கெடுத்திருக்கிறேன் என்று ஷாஹிதாவைக் கேட்டால் ஒரு வாரம் சொல்லுவாள்.

பேனா காகிதத்தைத் தொடப் போகிற நேரத்தில் அது எப்படி எனக்கு ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. பயத்தில் மூளை கண்ட இடத்திலும் ஓடும்.

பிரியாணி டப்பாவை அண்ணாமலை அண்ணன் கையில் கொடுத்தேன். கீழே மண்டிபோட்டேன். அக்கா தூவிய இலைகளைத் தள்ளினேன். அடியில் தளர்ந்த மண். விரலால் தோண்டினேன். கை உள்ளே இறங்கியது. மணிக்கட்டு தாண்டி, முழங்கை வரைக்கும் இறங்கியது. உள்ளே பக்கங்கள் வழவழவென்று இருந்தன. ஒரே கம்பு ஒரே குழியில் வருஷக்கணக்காக இறங்கி ஏறினால் சாணி மெழுகிய மாதிரி ஆகிவிடும்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

பாரஸ்டர் வந்து குனிந்தார். "எலி வளையா?"

"இல்ல சார். எதிர்ல இன்னொண்ணு இருக்கும் பாருங்க."

இருந்தது. அதை நான் தோண்டினேன். மூன்றாவது எங்கே இருக்கும் என்று அவரே நின்று பார்த்தார். காலை எட்டி வைத்து ஒரு இடத்தில் பூட்ஸால் மண்ணைக் கிளறினார். பூட்ஸ் முனை உள்ளே போனது. அவருக்கு ஒரு சந்தோஷம், மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நாலாவது அங்க" என்றார் என்னிடம்.

"ஆமா சார்."

நான்கு மூலையும் தெரிந்தன. நடுவில் மண்ணைச் சுரண்டினால் அடுப்பு எரிந்த இடம் செங்கல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. சாம்பலை வாரலாம், வெந்த மண்ணை எப்படி வாருவது?

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "அக்கா, குழி இருக்கு. கம்பு எங்க?"

அக்காவின் கண் மேட்டுப் பக்கம் போய்த் திரும்பியது.

அவளைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பயம் வந்தது. அந்தப் பாறை இடுக்கை இதுவரைக்கும் காட்டிலாகா ஆள் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. அடி வாங்கியபோதும் அப்பா அதைச் சொன்னதில்லை. இன்றைக்குக் காட்டிவிட்டு, நாளைக்கு மனு தள்ளுபடியானால், ஒளித்து வைக்க அவளுக்கு வேறு இடம் கிடையாது. இருக்கிற ஒரே கதவையும் திறந்து காட்டச் சொல்கிறோம்.

அக்கா முந்தானையைக் கறுப்பியின் வாயிலிருந்து பிடுங்கினாள்.

"எடுத்து வெச்சா, திரும்பப் பிரிக்கச் சொல்லுவியா?"

அவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். "மேல இன்னா முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. பார்த்ததைப் பார்த்தேன்னு எழுதுவேன். அது மட்டும் என் கையில இருக்கு."

சத்தியம் செய்திருந்தால் அக்கா நம்பியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். இதை நம்பினாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"வா" என்றாள்.

நாலாவது ஆள்

உண்ணிச்செடியை விலக்கியதும் முதலில் வந்தது கோழிச் சத்தம். கூடை. மேலே சாக்கு. நான் இல்லாததால் என் வேலையையும் அவளே செய்திருக்கிறாள்.

கம்புகளை எடுத்தோம். புல் கட்டுகளை எடுத்தோம். அண்ணாமலை அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். கம்புகள் தங்கள் குழியைத் தாங்களே தெரிந்துகொண்ட மாதிரி இறங்கின. மேற்கு மூலைக் கம்பு கனமானது. அப்பா பிடிக்கிற கம்பு. அதைப் பிடிக்க ஆள் இல்லை.

"சார், சும்மா நிக்கறியே, இதைப் பிடி" என்றாள் அக்கா.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் பிடித்தார். காக்கிச் சட்டையில் எல்லாம் கரி. குடையை ஊன்றிக்கொண்டு வி.ஏ.ஓ. மேடம், "கொஞ்சம் சாயுது, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூரை ஏறியது. அக்கா கடைசியாக அடுப்புக் கற்களைக் கொண்டுவந்து வெந்த மண் மேல் வைத்தாள். ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில் உட்கார்ந்தது. நான் கூடையைத் தூக்கினேன். கோழிகள் வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி மேய ஆரம்பித்தன.

"இவ்ளோ சீக்கிரமா கட்டிட்டீங்களே" என்றார் மேடம்.

"பிரிக்கறது இன்னும் சீக்கிரம்மா" என்றாள் அக்கா. குரலில் பெருமை.

குடிசை முன்னால் அவளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். கறுப்பியும் வந்து நின்றது. "இது யார் ஆடுன்னு எழுதட்டும்?" என்றார் பாரஸ்டர்.

"என்னுதுதான் சார். இன்னும் கேளுங்க, மேல நிக்கறதும் என்னுதுதான்."

மேடம் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். கையெழுத்தெல்லாம் ஆனது. அதற்கப்புறம்தான் நான் டப்பாவைத் திறந்தேன். அதற்கு முன்னால் திறந்தால் லஞ்சம், பின்னால் திறந்தால் சாப்பாடு. என் கணக்கு அது.

"வழியெல்லாம் வாசனை வந்துது. எப்ப எடுப்பீங்கன்னு பார்த்துக்கினே இருந்தேன்" என்றார் அந்தப் பையன். ஆமாம், அப்போதுதான் எனக்கு அவர் ஒரு பையன் என்றே தெரிந்தது.

அடுப்பு

பத்திரம் உடனே வரவில்லை. வரும் வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுதினால் ஆசிரியர் பக்கம் ஒதுக்கமாட்டார். ஆனால் வந்தது. அக்காவின் போட்டோ ஒட்டி, சீல் வைத்து.

"இதை விக்க முடியாதாம்க்கா" என்றேன், அதிலும் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ என்று.

"விக்கறதுக்கா இம்மாம் வருஷம் பிரிச்சிப் பிரிச்சிக் கட்டினேன்?"

பத்திரத்தை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆம்பூரில் வைத்திருக்கிறேன். அக்காவுக்கு அதில் அக்கறை இல்லை. அவள் கேட்டது வேறு. எங்க வீட்டுக்காரர் கொத்தனார். அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"மாப்ள, அடுப்பு கட்டிக் குடு. கல்லைப் பேர்த்து எடுக்க முடியாதபடி வை."

அவர் சிமெண்ட் மூட்டையை மலைமேல் சுமந்துபோய்க் கட்டினார். போதும் என்றால் அவள் விடவில்லை. இன்னும் போடு, இன்னும் போடு. "அடுப்பு கட்டறோமா, அணை கட்டறோமா?" என்று என்னிடம் புலம்பினார். காய்ந்ததும் அக்கா ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்துப் பார்த்தாள். பக்கத்திலேயே ஒரு முருங்கைக் குச்சியும் நட்டாள். அது இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மேலே போயிருந்தேன். அக்கா அடுப்பில் உலை வைத்திருந்தாள். நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். கீழே வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. வெயில் காலம், காட்டுத் தீ பற்றி ஊரில் சொல்லிவிட்டுப் போக வருவார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்காவின் கை தானாக அடுப்புக் கல்லுக்குப் போனது. பிடித்து இழுத்தாள். கல் அசையவில்லை. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த கரியைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து அடுப்பை ஊதினாள்.

"டீக்கும் தண்ணி வெக்கறேன். எத்தினி பேர் வர்றாங்கன்னு எட்டிப் பாரு" என்றாள்.

எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் கையில் கோழிக் கூடை இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முருங்கை நிழலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கோழிகள் என் காலைச் சுற்றி மேய்ந்தன.